மோட்டார் நியூரான் நோயில் மூச்சுக்குத் துணை: வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மோட்டார் நியூரான் நோயில், அதாவது தசைகளை இயக்கும் நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கிற நோயில், கையும் காலும் தளர்வது எல்லோர் கண்ணிலும் படும். மூச்சு தளர்வது படாது. பகலில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார், விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 96, 97 என்று காட்டும், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்பார், ஏனென்றால் மூச்சு வாங்கும் அளவுக்கு அவர் நடப்பதே இல்லை. ஆனால் ராத்திரியில் மாதக்கணக்காகப் பாதி மூச்சோடு தூங்கிக்கொண்டிருப்பார். என் அக்காவுக்கு இந்த நோய் வந்து நான் கூட இருந்து பார்த்துக்கொண்ட காலத்தில், காலையில் தலை வலிக்கிறது என்று அக்கா சொன்னபோதெல்லாம் மாத்திரை கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன். அந்தத் தலைவலி மூச்சிலிருந்து வருகிறது என்று தெரிய எனக்குப் பல மாதம் ஆனது. அது இன்னும் உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. அழுத்தம் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்பதையெல்லாம் நுரையீரல் மருத்துவரும் இதில் பழக்கமுள்ள ஃபிசியோதெரபிஸ்ட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அவர்கள் வைத்துத் தந்ததை ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை செய்ய வைப்பது வீட்டில் இருப்பவர்தான்.

நுரையீரலில் கோளாறு இல்லை

முதலில் இது மனதில் பதிய வேண்டும். கொல்லன் உலையில் துருத்தி இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் துருத்தி நன்றாகத்தான் இருக்கிறது, அதை அழுத்துகிற கை ஓய்ந்துபோகிறது. அந்தக் கை என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்கிற தசையும் விலா எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தசைகளும். அவை தளரும்போது காற்று போதிய அளவு உள்ளே போகாது, அதைவிட முக்கியமாக, கார்பன் டை ஆக்சைடு முழுதாக வெளியே வராது, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். இருமலுக்கும் இதே தசைகள்தான் வேண்டும் என்பதால் சளியும் உள்ளேயே தங்கும்.

ராத்திரி ஏன் முதலில் கெடுகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் உதரவிதானத்தை மேலே தள்ளும். கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் மற்றத் தசைகள் எல்லாம் தளர்ந்துவிட, கிட்டத்தட்ட உதரவிதானம் ஒன்றுதான் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கும். அதுவும் தளர்ந்தவருக்கு அந்த நேரம்தான் ரொம்பக் கஷ்டம்.

அதனால் கவனிக்க வேண்டியது இவற்றைத்தான். படுக்கும்போது தலையணை ஒன்றிலிருந்து இரண்டாகி மூன்றாவது, மல்லாந்து படுக்கவே பயப்படுவது, அடிக்கடி விழிப்பது, கெட்ட கனவுகள், காலையில் தலைவலியோடும் குழப்பத்தோடும் எழுவது, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது, பசி குறைவது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு எடுப்பார், குரல் மெலியும், போனில் பேசுகிறவர்கள் கேட்கவில்லை என்பார்கள். மூச்சு இழுக்கும்போது வயிறு வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே போனால், கழுத்துத் தசைகள் புடைத்தால், அதை அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

விரல் ஆக்சிமீட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள். அது ஆக்சிஜனை மட்டும் சொல்லும், கார்பன் டை ஆக்சைடு ஏறியிருப்பதைக் காட்டாது. அது குறையத் தொடங்கும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும்.

எப்போது, என்ன பரிசோதனை

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளைத் தருகிற நைஸ் அமைப்பு 2016ல் வெளியிட்ட வழிகாட்டி, மூச்சுத் தசைகளை 2 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. நீங்களே தேதி குறித்து வைத்துக் கேளுங்கள், யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். குழாயில் முழு மூச்சாக ஊதுவது ஒரு பரிசோதனை, அதில் எஃப்விசி என்று ஒரு சதவீதம் வரும், அவருக்கு இருக்க வேண்டிய மூச்சில் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். வாய், உதடு தளர்ந்தவரால் குழாயைச் சரியாகக் கவ்வ முடியாது, காற்று பக்கத்தில் கசிந்து எண் பொய்யாகக் குறையும். அவர்களுக்கு மூக்கில் சிறு அடைப்பான் வைத்து வேகமாக உறிஞ்சச் சொல்கிற ஸ்னிப் பரிசோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். இவை தவிர ராத்திரி முழுக்க ஆக்சிமீட்டர் மாட்டிப் பதிவு செய்வது, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு பார்ப்பது. அது 45 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் தள்ளிப்போட நேரமில்லை.

எஃப்விசி 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பைபாப் பற்றி, அதாவது மாஸ்க் வழியே காற்றைத் தள்ளி மூச்சுக்குத் துணை செய்கிற மெஷின் பற்றிப் பேச வேண்டும். மேலே சொன்ன அறிகுறிகள் ஏதாவது இருந்தால் 80க்குக் கீழே வந்ததுமே பேச வேண்டும். எண் இன்னும் நன்றாக இருக்கிறதே என்று சொல்லி அறிகுறியை ஒதுக்கினால் விடாதீர்கள், எண்ணைவிட அவருடைய தூக்கம்தான் எனக்கு நம்பகமான சாட்சி.

சீக்கிரம் தொடங்குவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006ல் 41 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில், தொண்டைத் தசைகள் ரொம்பக் கெடாதவர்கள் மாஸ்க் வழி மூச்சு உதவியால் சராசரியாக 205 நாள் கூடுதலாக வாழ்ந்தார்கள். அதுவும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு சிரமப்பட்ட நாட்களாக அல்ல, நல்ல தூக்கத்தோடு, தெளிவான தலையோடு. தொண்டை மிகவும் பாதித்தவர்களுக்கு ஆயுள் அப்படிக் கூடவில்லை, ஆனாலும் அறிகுறிகள் குறைந்தன. இந்த நோயை மெதுவாக்கும் ரிலுசோல் மாத்திரையால் கிடைப்பதாக ஆய்வுகளில் தெரிந்தது இரண்டு மூன்று மாதம் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடாதீர்கள்

மூச்சுக் கஷ்டம் என்றதும் சொந்தபந்தம் எல்லாம் முதலில் சொல்வது ஆக்சிஜன் வைக்கச் சொல்லித்தான். துருத்தியை மறுபடி நினையுங்கள். இங்கே குறைவது காற்றின் தரம் இல்லை, காற்றைத் தள்ளுகிற பலம். பைபாப் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் ஆக்சிமீட்டரில் எண் அழகாக ஏறும், எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும், அந்த நேரத்தில் மூளை மூச்சைத் தூண்டுவதைக் குறைத்துக்கொள்ளும், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும், அவர் அசந்து தூங்கி எழுப்ப முடியாத நிலைக்குப் போகலாம். நிமோனியா மாதிரி வேறு காரணம் இருந்து ஆக்சிஜன் தேவைப்பட்டால் டாக்டர்கள் பைபாப்போடு சேர்த்து, அளந்து கொடுப்பார்கள்.

அதேபோல் குறட்டைக்கு வைக்கிற சீபாப் மெஷின் யாராவது சும்மா தந்தால் வாங்கி மாட்டிவிடாதீர்கள். அது ஒரே அழுத்தத்தில் காற்றடிக்கும், அவ்வளவுதான். இவருக்கு வேண்டியது மூச்சு இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தருகிற பைபாப், அதிலும் அவர் இழுக்க மறந்தாலோ முடியாவிட்டாலோ தானாகவே மூச்சு கொடுக்கிற வசதி உள்ளது. உதரவிதானத்துக்கு மின்தூண்டல் வைக்கும் அறுவை சிகிச்சை பற்றியும் யாராவது சொல்லக்கூடும். 2015ல் வந்த ஆய்வில் அதை வைத்துக்கொண்டவர்கள் வைக்காதவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்கள், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பைபாப் பழகுவது

முதல் ராத்திரியே எட்டு மணி நேரம் போட்டுத் தூங்க வைக்கப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. நானும் செய்தேன், அக்கா மாஸ்க்கைத் தள்ளிவிட்டு அழுதாள், அப்புறம் ஒரு வாரம் அதைப் பக்கத்தில் கொண்டுவரவே விடவில்லை.

பகலில் ஆரம்பியுங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டிவி பார்க்கும்போது, முதலில் மெஷினே இல்லாமல் மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்து, வார் கட்டாமல் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அவரால் முடிந்தால் அவரே பிடிக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தெரிந்தால் பயம் பாதி போய்விடும். அப்புறம் மெஷினை ஓடவிட்டு ஐந்து நிமிடம், அடுத்த முறை பதினைந்து நிமிடம், மத்தியானத் தூக்கத்தில் ஒரு மணி நேரம் என்று போகலாம். மெஷினோடு மல்லுக்கட்டாமல் அது தள்ளும்போது காற்றை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், ரெண்டு மூன்று நாளில் அந்தத் தாளம் பிடிபடும். டாக்டர் குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார். காற்று ரொம்ப வேகமாக வருகிறது, அல்லது போதவில்லை, இழுத்து முடிப்பதற்குள் நின்றுவிடுகிறது என்று அவர் சொன்னால் அது அடம் இல்லை, மெஷினில் மாற்ற வேண்டிய அமைப்பு. அப்படியே எழுதி வைத்துப் போய்ச் சொல்லுங்கள். ராத்திரியில் நான்கு மணி நேரத்தைத் தாண்டியதும் பலன் தெரிய ஆரம்பிக்கும், காலைத் தலைவலி முதலில் போகும்.

மாஸ்க்தான் பாதி வெற்றி. மூக்கை மட்டும் மூடுவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது, மூக்குத் துளையில் மட்டும் உட்காருவது என்று பல வகை உண்டு. தூக்கத்தில் வாய் திறந்துகொள்பவருக்கு மூக்கு மாஸ்க் போட்டால் காற்றெல்லாம் வாய்வழியே போய்விடும். அளவு பார்க்கும்போது உட்கார்ந்து பார்க்காமல் படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது பாருங்கள், படுத்தால் கன்னம் வேறு மாதிரி விழும். கசிகிறதே என்று வாரை இறுக்கிக்கொண்டே போனால் மூக்குத்தண்டில் புண் வரும், அந்தப் புண் வந்துவிட்டால் மாஸ்க்கே போட முடியாமல் போகும். தோல் சிவந்து, மாஸ்க்கை எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் உடனே வேறு வடிவ மாஸ்க்குக்கு மாறுங்கள். ஆரம்பத்திலிருந்தே ரெண்டு வடிவம் வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. மாஸ்க்கிலோ குழாய் முனையிலோ சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், அதில் காற்று வந்துகொண்டே இருக்கும். அது கசிவு இல்லை, அவர் விடுகிற மூச்சு வெளியே போகும் வழி. அதை டேப் போட்டு அடைத்துவிடாதீர்கள், போர்வையால் மூடாதீர்கள்.

வாய், மூக்கு காய்ந்தால் மெஷினோடு சேர்கிற சூடேற்றும் ஈரப்பதக் கருவி உதவும். அதைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், இல்லாவிட்டால் குழாயில் சேர்ந்த தண்ணீர் முகத்துக்கு வரும். அதன் தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றுங்கள், மாஸ்க்கைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், ஃபில்டரை மறக்காதீர்கள். வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறார் என்று அர்த்தம், தலைப்பக்கத்தை உயர்த்திப் பாருங்கள், போகவில்லை என்றால் அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மாஸ்க்கோடு சாப்பாடு வேண்டாம்.

கை தளர்ந்தவருக்கு மாஸ்க்கைத் தானாக எடுக்க முடியாது. வாந்தி வந்தால் முகம் முழுக்க மூடிய மாஸ்க் ஆபத்து. ஆகவே அவர் தனியாகத் தூங்கக் கூடாது, ஒரே இழுப்பில் கழன்றுவரும் வார் வேண்டும், தலையையோ கன்னத்தையோ அசைத்தாலே அடிக்கிற அழைப்பு மணி ஒன்றைப் படுக்கையில் பொருத்த வேண்டும். மெஷினுக்கு முன்னால் இந்த மணியை ஏற்பாடு செய்யுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன். கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்று தெரிந்தவர்தான் கண்ணை மூடுவார்.

நோய் போகப் போக ராத்திரி மட்டும் போட்டவருக்குப் பகலிலும் தேவைப்படும். பகலுக்கு, உதடு இன்னும் பிடிமானத்தோடு இருந்தால், வாய்க்குப் பக்கத்தில் வளைந்த குழாயை வைத்து வேண்டும்போது ஒரு மடக்குக் காற்று வாங்கிக்கொள்கிற முறை இருக்கிறது. பேசலாம், சாப்பிடலாம், முகம் மறைவதில்லை. இந்த வசதி எல்லா மெஷினிலும் இருக்காது, வாங்கும்முன் கேளுங்கள்.

இருமலும் சளியும்

மூச்சைவிட அதிகம் ஆளைச் சாய்ப்பது இதுதான் என்று சொல்லலாம், ஏனென்றால் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல் நிமோனியாவாக மாறுவது இருமி வெளியேற்ற முடியாததால்தான். இருமலின் வேகத்தை ஒரு சின்னக் கருவியில் அளக்கலாம். நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருந்தால் சளி பிடிக்கிற நாட்களில் சமாளிக்க முடியாது, 160க்குக் கீழே என்றால் சாதாரண நாளிலேயே சளி வெளியே வராது.

நன்றாக இரும, முதலில் நிறையக் காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு ஒருவழி வால்வு வைத்த, கையால் அழுத்துகிற காற்றுப் பை ஒன்று கிடைக்கும். மாஸ்க்கோ வாய்க்குழாயோ வைத்து, அவர் இழுக்கும்போது பையை அழுத்தி, மூச்சை விடவிடாமல் அதன் மேலேயே இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என மூன்று நான்கு முறை அடுக்கி, நெஞ்சு நிறைந்ததும் கொஞ்சம் பிடித்து, அப்புறம் இருமச் சொல்ல வேண்டும். தினமும் சில முறை செய்தால் விலாக்கூடும் இறுகாமல் இருக்கும். சாப்பிட்ட உடனே செய்யாதீர்கள். அந்தப் பையின் மேல் 'உயிர் காக்கும் அவசரத்துக்கு அல்ல' என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், அந்த வால்வு மூச்சை வெளியே விடாது, யாராவது அவசரத்தில், மூச்சு நின்றவருக்குக் காற்று கொடுக்கிற சாதாரண ஆம்பு பை என்று நினைத்து எடுத்துவிடக் கூடாது.

அவர் இருமுகிற அதே நொடியில் விலாவுக்குக் கீழே மேல்வயிற்றில் கையை வைத்து உள்ளேயும் மேலேயுமாக அழுத்துவது இன்னொரு உதவி. ஃபிசியோதெரபிஸ்ட் உங்கள் கையின் மேல் கை வைத்துக் கற்றுத்தர வேண்டிய வித்தை இது, படித்துச் செய்யாதீர்கள். இவை போதாமல் போகும்போது காஃப் அசிஸ்ட் என்கிற மெஷின், காற்றை ஊதி நிரப்பி, சட்டென்று உறிஞ்சி இருமலைப் போலவே சளியை மேலே கொண்டுவரும். தொண்டை தளர்ந்தவருக்கு உறிஞ்சும்போது தொண்டை ஒட்டிக்கொள்ளலாம் என்பதால் மென்மையாகத் தொடங்க வேண்டும். வாய்க்கு வந்ததை சக்‌ஷன் மெஷினால் எடுங்கள்.

எச்சிலில் இரண்டு வகை, மருந்து எதிரெதிர். தண்ணியாக வழிந்தால் அதைக் குறைக்கிற மாத்திரை, காதுக்குப் பின்னால் ஒட்டும் ஒட்டு, உமிழ்நீர்ச் சுரப்பியில் போடும் பொட்டாக்ஸ் ஊசி என்று வழிகள் இருக்கின்றன. கெட்டியாக, பசை மாதிரித் தொண்டையில் ஒட்டினால் நீர் கூடுதலாக வேண்டும், உப்புநீர் நெபுலைசர் உதவும். வழிகிற எச்சிலுக்குத் தந்த மருந்து சளியை இறுக்கிவிடும், அதனால் எது தொந்தரவு என்று பார்த்துச் சொல்லுங்கள். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் அவருக்கும், ஃப்ளூ ஊசி வீட்டில் எல்லோருக்கும் போட வேண்டும்.

திடீரென்று மூச்சு முட்டுகிறது என்று பதறும்போது, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, கைகளைத் தலையணையில் தாங்க வைத்து, சின்ன விசிறியை முகத்துக்கு நேரே வையுங்கள், முகத்தில் படுகிற காற்றே மூச்சுமுட்டலைக் குறைக்கும். டாக்டர் எழுதித் தந்தால் குறைந்த அளவு மார்ஃபின் இந்தத் தவிப்பை நன்றாகவே தணிக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் யாரையும் கேட்காமல் தூக்க மாத்திரை கொடுப்பது கூடாது. பலூன் ஊது, பயிற்சி செய் என்று விரட்டுவதும் வேண்டாம், தளர்ந்த தசை அதனால் களைத்துத்தான் போகும்.

முன்கூட்டிப் பேச வேண்டியவை

வயிற்றில் உணவுக் குழாய் வைக்கும் எண்ணம் இருந்தால் மூச்சுத் தசை ரொம்பத் தளர்வதற்கு முன், எஃப்விசி 50க்கு மேலே இருக்கும்போதே வைத்துவிடுவது பாதுகாப்பு. விழுங்குவது சரியாக இருக்கிறதே என்று தள்ளினால் அப்புறம் படுக்க வைப்பதே கஷ்டமாகிவிடும்.

தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வைப்பது பெரிய முடிவு. இதே நோய் இருந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1985ல் நிமோனியா வந்தபோது அப்படித் துளை போட்டார்கள், அதன் பிறகு 2018 வரை இருந்தார். அவருடைய நோய் அபூர்வமாக மெதுவாக நடந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். ட்ரக்கியாஸ்டமி என்கிற இந்தத் துளை ஆயுளை வருடக்கணக்கில் நீட்டலாம், நோயை நிறுத்தாது, இருபத்து நான்கு மணி நேரமும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை ஆம்புலன்ஸில் வைத்து முடிவு செய்யக் கூடாது. வேண்டுமா வேண்டாமா என்று அவர் தன் வாயால், அல்லது கண்ணசைவால், தெளிவாக இருக்கும்போதே சொல்லட்டும், எழுதி வையுங்கள். பைபாப் போதும், இனி வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை இருக்கிறது, அப்போது தவிப்பு வராமல் முன்பே மருந்து கொடுத்து, மருத்துவர் கூட இருந்து நிறுத்துவார்கள். கேட்கவே பயப்படுகிற ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசியில் மூச்சுத் திணறிப் போவார்களோ என்று எல்லோருக்கும் பயம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை, தூக்கம் ஆழமாகி ஆழமாகி அமைதியாகத்தான் போகிறார்கள்.

மின்சாரம், அவசரம், ஒரு தாள்

மெஷினின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல், ஒரு பகலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நீங்களே நேரம் பாருங்கள். ஈரப்பதக் கருவி சூடாகிக்கொண்டிருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும், மின்சாரம் போனால் அதை முதலில் அணையுங்கள். நாளில் பெரும்பகுதி மெஷினில் இருப்பவருக்கு இரண்டாவது மெஷின் வேண்டும். ஒரு சாதாரண ஆம்பு பை, மேலே சொன்ன வால்வு பை இல்லை, படுக்கைக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்கு அதை அழுத்தத் தெரிய வேண்டும்.

அவசரப் பிரிவில் இந்த நோயாளியை அடிக்கடி பார்க்காதவர்கள் இருப்பார்கள், மூச்சுத் திணறல் என்றதும் ஆக்சிஜன் மாஸ்க்கைத்தான் எடுப்பார்கள். அக்காவுக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது, நான் கத்திய பிறகுதான் கழற்றினார்கள். அதனால் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷின் பையிலேயே வையுங்கள்: 'மோட்டார் நியூரான் நோய். மூச்சுத் தசை தளர்ச்சி. பைபாப் இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் தர வேண்டாம். ஆக்சிஜன் தந்தே ஆக வேண்டுமென்றால் ஆக்சிமீட்டர் எண்ணை 88 முதல் 92க்குள் வைத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு பார்க்கவும். மல்லாந்து படுக்க வைக்க வேண்டாம். பேச முடியாது, ஆனால் எல்லாம் புரியும்.' கீழே மெஷினின் அழுத்த எண்கள், மாஸ்க்கின் பெயரும் அளவும், பார்க்கும் டாக்டரின் நம்பர், ட்ரக்கியாஸ்டமி பற்றி அவர் எடுத்த முடிவு. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வீட்டு மெஷினையும் மாஸ்க்கையும் கையோடு எடுத்துப் போங்கள், எண்கள் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை மாற்றி எழுதுங்கள்.